ஐந்து இடம் வேண்டாம், இரண்டு போதும்: பள்ளிச் சுற்றுலா கேள்வி–பதில்

அரையாண்டுத் தேர்வு முடிந்து பொங்கலும் கழிந்துவிட்டால் பள்ளிகளில் சுற்றுலாப் பேச்சு தொடங்கிவிடும். இந்த மாதம் வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் அதைப் பற்றித்தான். ஒரே மாதிரிக் கேள்விகளைச் சேர்த்து, பள்ளி, போக்குவரத்து, சமையல், மருத்துவம் அறிந்தவர்களிடம் கொடுத்து வாங்கிய பதில்கள் இவை.

எங்கள் பள்ளியில் எட்டாம் வகுப்பு மாணவர்கள் 86 பேர். அதில் பெண் பிள்ளைகள் 41. ஆசிரியர்கள் ஆறு பேர், பெற்றோர் இருவர், இரண்டு பேருந்து. தஞ்சைப் பெரிய கோயில், அரண்மனை, கல்லணை, தாராசுரம், கங்கைகொண்ட சோழபுரம் ஐந்தையும் ஒரே நாளில் காட்டிவிடலாம், காலை 4 மணிக்குக் கிளம்பினால் இரவு 11 மணிக்குத் திரும்பிவிடலாம் என்கிறார் டிராவல்ஸ்காரர். சரிவருமா?
— ஆசிரியை, திண்டுக்கல் மாவட்டம்

வண்டி ஓடிவிடும். பிள்ளைகள் பார்ப்பது முன் சீட்டின் முதுகைத்தான். கணக்குப் போட்டுப் பாருங்கள். திண்டுக்கல்லிலிருந்து தஞ்சாவூர் ஏறக்குறைய 160 கிலோமீட்டர். தாராசுரம், கங்கைகொண்ட சோழபுரம் போய் ஊர் திரும்பினால் மொத்தம் 450 கிலோமீட்டரை நெருங்கும். பேருந்துக்குச் சராசரி 45, 50 வைத்தாலும் ஒன்பது, பத்து மணி நேரம் உட்கார்ந்தே போகிறது. 86 பிள்ளைகளை இறக்கி வரிசைப்படுத்தக் கால் மணி, திரும்ப ஏற்றி எண்ணக் கால் மணி. ஐந்து இடத்துக்கு இரண்டரை மணி நேரம். சாப்பாடு ஒன்றரை, கழிப்பறை ஒன்றரை. 19 மணி நேரத்தில் மிஞ்சுவது மூன்றரை மணி. ஓர் இடத்துக்கு 40 நிமிடம்! அதிலும் பெரிய கோயில் பகல் 12.30-க்குச் சாத்தி மாலை 4-க்குத்தான் திறப்பார்கள். அந்த நேரத்தில் போய் நின்றால் 40 நிமிடமும் கிடையாது.

டிரைவரையும் நினையுங்கள். 1961-ஆம் ஆண்டு மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம் வைத்த கணக்குப்படி ஒரு நாள் வேலை 8 மணி நேரம். இடையில் ஓய்வெல்லாம் சேர்த்தாலும் தொடங்கியதிலிருந்து முடிவது வரை 12 மணி நேரத்துக்குள் இருக்க வேண்டும். தொடர்ந்து 5 மணி நேரத்துக்கு மேல் ஓட்டவிடக் கூடாது. 4 மணியிலிருந்து 11 மணி வரை ஒரே ஆள் ஓட்டினால், கடைசி இரண்டு மணி நேரம் தூக்கத்தில்தான் ஓட்டுவார்.

பெரிய கோயில், அரண்மனை இரண்டோடு நிறுத்துங்கள். 5.30-க்கு வண்டி நகர வேண்டும். அதற்குப் பிள்ளைகள் 4.50-க்குப் பள்ளியில் இருக்க வேண்டும். திருச்சி தாண்டிக் காலைச் சாப்பாட்டுக்கு அரை மணி. 9.15-க்குக் கோயில் வாசல். 11.15 வரை கோயில், 11.45 முதல் 1 வரை அரண்மனை, முக்கால் மணி சாப்பாடு, 2 மணிக்குத் திரும்பல். வழியில் ஒரு முறை இறக்கினாலும் 5.30, 5.45-க்குப் பள்ளி வாசல். பன்னிரண்டு மணிக் கணக்கும் ஏறக்குறைய சரியாகிவிடும், பெற்றோரும் இருட்டில் வந்து நிற்க வேண்டாம்.

கோயிலில் இரண்டு சிக்கல் வரும். ஒன்று செருப்பு. 86 ஜோடியைச் செருப்புக் கடையில் கொடுத்து டோக்கன் வாங்கித் திரும்ப எடுப்பதற்குள் 20 நிமிடம் போய்விடும். பத்துப் பதினொரு பேர் கொண்ட குழுவுக்கு ஒரு சாக்கு கொடுத்து, மேலே குழு எண்ணை மார்க்கரில் எழுதிவிடுங்கள். செருப்பு மொத்தமும் அதில் போய் வாய் கட்டி பஸ்ஸுக்குத் திரும்பட்டும். இன்னொன்று கல்தரை. பதினொரு மணிக்கு மேல் பிரகாரத்தில் கால் வைக்க முடியாது. பள்ளிச் சீருடை சாக்ஸைப் பையில் வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். அப்போதும் நிழல் ஓரமாகவே கூட்டிப்போங்கள். மதிலை ஒட்டிக் கூரையோடு ஓடும் திருச்சுற்று மாளிகை அதற்கு வசதி.

என்ன காட்டுவது என்பதற்கு கைடு சொல்லும் கதையை நம்ப வேண்டாம். "விமானத்தின் நிழல் தரையில் விழாது" என்று நிச்சயம் சொல்வார். பத்து மணிக்குப் பிள்ளைகளைக் கருவறைக்குப் பின்பக்கம், மேற்கே கூட்டிப்போய் நிறுத்துங்கள். நிழலிலேயே நின்றுகொண்டு அதைக் கேட்பார்கள். விமானம் 216 அடி என்று சொல்லிவிட்டு நகராமல், அடியில் அதிட்டானம் என்னும் அடித்தளக் கல்லில் வரிவரியாக ஓடும் எழுத்தைக் காட்டுங்கள். "நாம் குடுத்தனவும், அக்கன் குடுத்தனவும், நம் பெண்டுகள் குடுத்தனவும், மற்றும் குடுத்தார் குடுத்தனவும்" கல்லில் வெட்டுக என்று ராஜராஜன் சொன்னது அங்கேதான் இருக்கிறது. கல்வெட்டில் புள்ளி வைக்கும் வழக்கம் இல்லை, பல எழுத்தின் வடிவமும் வேறு. ஆனாலும் ட, ப மாதிரிச் சிலதைப் பிள்ளைகள் தாமாகவே கண்டுபிடிப்பார்கள். ஆளுக்கு ஐந்து எழுத்து கண்டுபிடித்து நோட்டில் அப்படியே வரையச் சொன்னால் அரை மணி நேரம் சத்தமே இருக்காது. கல்லைத் தொட்டுத் தடவவோ, அதன்மேல் தாளை வைத்துப் பென்சிலால் தேய்க்கவோ விடக் கூடாது. கோயிலில் ஆடிய 400 தளிச்சேரிப் பெண்டுகளுக்கு எந்தத் தெருவில் எத்தனையாவது வீடு என்பது வரை வெட்டி வைத்திருக்கிறார்கள் என்று சொல்லுங்கள். முகவரி எழுதுவது கூரியர் காலத்துப் பழக்கம் என்று நினைத்துக்கொண்டிருப்பவர்களுக்கு அது போதும். பெரிய நந்தி நாயக்கர் காலத்தது என்பதையும் சொல்லிவிடுங்கள். கோயில் 1010-ல் முடிந்தது என்று படித்த பிள்ளை, அங்கே இருக்கும் எல்லாமே அந்த வருடத்தது என்று எண்ணிக்கொண்டு வருகிறது.

அரண்மனையில் செப்புத் திருமேனிகள் உள்ள கலைக்கூடத்துக்கு முதலில் போங்கள். சரஸ்வதி மகால் காட்சிக்கூடம் சின்னது. 20, 25 பேராகத்தான் உள்ளே அனுப்ப முடியும். அதனால் ஒரு பஸ் கலைக்கூடத்திலும் மற்றது மகாலிலும் தொடங்கி மாற்றிக்கொள்ளட்டும். விடுமுறை நாளும் மதிய இடைவேளையும் இடத்துக்கு இடம் மாறும் என்பதால் முன்தினம் ஒரு போன் போட்டுவிடுங்கள். பிரதோஷ நாள், ஐப்பசிச் சதய விழா, ஐயப்ப சீசன் மூன்றையும் தவிர்த்துத் தேதி குறியுங்கள். ஜனவரிக் கடைசி, பிப்ரவரியில் ஒரு புதன், வியாழன் நல்லது.

கழிப்பறைக்கு எங்கே நிறுத்துவது என்பதே எங்களுக்குப் பெரிய தலைவலி. போன முறை ஒரு பெட்ரோல் பங்கில் முக்கால் மணி நேரம் நின்றோம்.
— பட்டதாரி ஆசிரியை, பெரம்பலூர்

இரண்டு பஸ்ஸையும் ஒரே பங்கில் நிறுத்தியதுதான் காரணம். பெண் பிள்ளைகள் 40 பேர், கதவு இரண்டு, ஆளுக்கு இரண்டு நிமிடம் என்றால் 40 நிமிடம். அதே இரண்டு பஸ்ஸும் அடுத்தடுத்த இரண்டு பங்கில் நின்றால் 20 நிமிடத்தில் வேலை முடிந்தது. நெடுஞ்சாலை என்றால் ஒன்று பங்கிலும் மற்றது டோல்கேட் கழிப்பறையிலும் நிற்கலாம். இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை கட்டாயம் நிறுத்துங்கள், யாரும் கேட்காவிட்டாலும்.

கேட்க மாட்டார்கள் என்பதுதான் விஷயம். போக இடம் இருக்காது என்று பயந்து காலையிலிருந்தே தண்ணீர் குடிக்காமல் வரும் பிள்ளைகள்தான் பகல் 12 மணிக்குத் தலைவலி, மயக்கம் என்று உட்காருகிறார்கள். வெயில் பாதிக் காரணம், வெறும் தொண்டை மீதிக் காரணம். எங்கெங்கே நிறுத்துவோம், எத்தனை மணிக்கு என்பதை முந்தின நாளே கரும்பலகையில் எழுதிப் போட்டுவிட்டால் தைரியமாகக் குடிப்பார்கள்.

மாதவிடாய்க்கென்று ஒரு தனிப் பை: நாப்கின் 15, பழைய செய்தித்தாள், கறுப்புக் கவர், சோப்பு, இரண்டு அளவில் உள்ளாடையும் பேன்ட்டும். அது ஆசிரியையின் தோளில் இருக்க வேண்டும். லக்கேஜ் டிக்கியில் போட்டால் வேண்டிய நேரத்தில் பூட்டியிருக்கும். "நீலப் பை வேணும் டீச்சர்" என்றால் போதும் என்று முன்பே சொல்லி வைத்துவிடுங்கள். பையன்கள் மத்தியில் வேறு எதுவும் விளக்க வேண்டியிருக்காது.

80 மாணவர்கள், 10 பெரியவர்கள். ஏழாம் வகுப்பு. புளியோதரையும் தயிர்சாதமும் ராத்திரியே செய்து கட்டிவிடலாம் என்று பெற்றோர் சொல்கிறார்கள். எவ்வளவு அரிசி போட வேண்டும்?
— பள்ளி மேலாண்மைக் குழு உறுப்பினர், சிவகங்கை மாவட்டம்

முதலில் அளவு. சத்துணவில் 6 முதல் 8-ஆம் வகுப்பு வரை ஆளுக்கு 150 கிராம் அரிசி என்பது கணக்கு, அதையே வைத்துக்கொள்ளுங்கள். மாணவர்களுக்கு 12 கிலோ. பெரியவர்களுக்கு 200 கிராம் வீதம் 2 கிலோ. மொத்தம் 14 கிலோ. அதில் 9 கிலோ புளியோதரை, 5 கிலோ தயிர்சாதம். 9 கிலோவுக்குப் புளி 900 கிராம், நல்லெண்ணெய் ஒன்றரை லிட்டர் கணக்கு வரும். புளிக்காய்ச்சலை முந்தின நாளே எண்ணெய் பிரியக் காய்ச்சி வைத்துவிடலாம், கெடாது.

சாதத்தை மட்டும் ராத்திரி வடிக்காதீர்கள். அரிசியோடு வரும் ஒரு வகைக் கிருமியின் வித்து கொதியிலும் சாகாது. சாதம் வெதுவெதுப்பாகப் பல மணி நேரம் கிடந்தால் அது பெருகி நஞ்சை விட்டுவிடும். அதன்பிறகு சுட வைத்தாலும் அந்த நஞ்சு போகாது. பெரிய அண்டாவில் மூடி வைத்த சாதம் நடுவில் விடியும் வரை சூடாகவே இருக்கும். கிருமிக்கு அதைவிட வசதி வேண்டியதில்லை. விடியற்காலை 3 மணிக்கு உதிரியாக வடித்து, சுத்தமான வேட்டியிலோ தாம்பாளங்களிலோ இரண்டு அங்குலத்துக்கு மேல் போகாமல் பரப்பி, விசிறி போட்டு ஆற்றுங்கள். பிறகு புளிக்காய்ச்சல் கலந்து, முழுக்க ஆறியபின் பொட்டலம் கட்டுங்கள். ஆவியோடு கட்டினால் உள்ளே வியர்த்து மதியத்துக்குள் நீர்த்துவிடும். எலுமிச்சைச் சாதம் பரவாயில்லை. தேங்காய்ச் சாதம், தேங்காய்ச் சட்னி, உருளைக்கிழங்கு மசியல் மூன்றும் வெயிலில் தாங்காது. தொட்டுக்கொள்ள அப்பளமோ வறுத்த வேர்க்கடலையோ போதும்.

தயிர்சாதத்தை வீட்டிலிருந்து தூக்கிப் போகவே வேண்டாம். போகும் ஊரில் ஒரு மெஸ்ஸில் இரண்டு நாள் முன்பே சொல்லி, ஒரு மணிக்கு வேண்டும் என்று முன்பணம் கொடுத்துவிடுங்கள். காலைக்கு இட்லி, ஆளுக்கு நான்கு. மிளகாய்ப்பொடியும் எண்ணெயும் இரண்டு பக்கமும் தடவி அடுக்கினால் கை கழுவும் தண்ணீரும் மிச்சம்.

குடிக்கத் தலைக்கு 2 லிட்டர். 90 பேருக்கு 20 லிட்டர் கேன் ஒன்பது, ஒன்று கூடுதலாக. கேனை நடைபாதையில் நிற்க வைக்காதீர்கள். பிரேக் போட்டால் 20 கிலோ எடை காலில் வந்து இடிக்கும். டிக்கியில் கட்டிவைத்து, நிறுத்துமிடத்தில் பாட்டிலில் நிரப்பிக்கொள்ளட்டும்.

வாடகை பேசும்போது என்னென்ன கேட்க வேண்டும்? எங்கள் பள்ளியின் மஞ்சள் பஸ்ஸிலேயே போய்விட்டால் என்ன?
— மெட்ரிக் பள்ளித் தாளாளர், சேலம்

மஞ்சள் பஸ்ஸுக்கான பர்மிட் வீட்டுக்கும் பள்ளிக்கும் இடையே ஓட்ட. சுற்றுலாவுக்கு எடுப்பதென்றால் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் தற்காலிகச் சிறப்பு பர்மிட் வாங்க வேண்டும். வாங்காமல் போய் வழியில் ஏதாவது ஆனால் இன்சூரன்ஸ் கம்பெனி முதலில் கேட்பது அதைத்தான். அது போக, அந்த சீட்டின் முதுகு குட்டை. ஒரு மணி நேரப் பயணத்துக்குச் செய்தது. போக வர 100 கிலோமீட்டருக்குள் என்றால் சரி.

வாடகை வண்டியில் விலை ஏறுவது சொல்லாமல் விட்ட இடத்தில். கிலோமீட்டர் ஷெட்டிலிருந்து ஷெட் வரையா, பள்ளியிலிருந்து பள்ளி வரையா? ஒரு நாளைக்குக் குறைந்தபட்சம் எத்தனை கிலோமீட்டர் என்று போடுவார்கள்? டோல், பார்க்கிங், டிரைவர் பேட்டா, மலைக்கு ஏறினால் தனிக் கட்டணம், வெளிமாநிலம் என்றால் பர்மிட் வரி இவையெல்லாம் சேர்ந்த தொகையா? வண்டி பழுதானால் எத்தனை மணி நேரத்தில் மாற்று வண்டி? எல்லாவற்றையும் ஒரே தாளில் எழுதி, வண்டி எண்ணோடு கையெழுத்து வாங்குங்கள். எண்ணைக் குறிப்பிடாவிட்டால், காட்டியது ஒரு வண்டி, வருவது ஒரு வண்டி.

அந்த எண்ணை எம்-பரிவாகன் செயலியில் போட்டால் எஃப்.சி., இன்சூரன்ஸ், புகைச் சான்று எதுவரை இருக்கிறது என்று தெரிந்துவிடும். கிளம்பும் நாளில் ஒன்று மட்டும் நேரில் பாருங்கள்: அவசர வழிக் கதவை டிரைவரைத் திறந்து காட்டச் சொல்லுங்கள். துருப்பிடித்துத் திறக்காத கதவும், அதன்மேல் சாய்த்துக் கட்டிய கூடுதல் சீட்டும் ரொம்ப சகஜம். உட்காரும் இடத்துக்கு மேல் ஒரு பிள்ளையைக்கூட நிற்க வைத்து ஏற்றாதீர்கள்.

இரவுப் பயணம் வேண்டாம். 2022 அக்டோபர் 5 இரவு கேரளத்தில் வடக்கஞ்சேரி அருகே, ஊட்டிக்குக் கிளம்பிய பள்ளிச் சுற்றுலாப் பேருந்து அரசுப் பேருந்தின் பின்னால் மோதியதில் மாணவர்கள், ஆசிரியர் உட்பட 9 பேர் இறந்தார்கள். ஒரு நாள் லாட்ஜ் வாடகையை மிச்சம் பிடிக்கத்தான் பல பள்ளிகள் ராத்திரியில் கிளம்புகின்றன.

வண்டலூர் பூங்காவும் மாமல்லபுரமும் ஒரே நாளில் முடியுமா?
— ஆசிரியர், வேலூர்

வேலூரிலிருந்து என்றால் வேண்டாம். பூங்கா 600 ஹெக்டேருக்கு மேல். நடந்து பார்க்கவே நாலு மணி நேரம். வெயில் ஏறினால் விலங்குகள் நிழலில் போய்ப் படுத்துவிடும், பிள்ளைகள் "எங்கே சார் சிங்கம்?" என்று வெறுங்கூண்டைப் பார்த்துக் கேட்பார்கள். 9 மணிக்குத் திறக்கும்போது உள்ளே இருக்க வேண்டும். செவ்வாய்க்கிழமை விடுமுறை, முட்டுக்காட்டில் உள்ள தட்சிணசித்ரா அருங்காட்சியகத்துக்கும் அப்படியே. மாமல்லபுரம் தனியாக ஒரு நாள் வையுங்கள்: கடற்கரைக் கோயிலும் ஐந்து ரதமும் ஒரே சீட்டில் பார்க்கலாம், 15 வயதுக்கு உட்பட்டவர்களுக்குத் தொல்லியல் துறைக் கட்டணம் இல்லை. வயதுக்குச் சான்றாகத் தலைமையாசிரியர் கையெழுத்திட்ட பட்டியலும் பிள்ளைகளின் அடையாள அட்டையும் கையில் இருக்கட்டும்.

ஆறாம் வகுப்பை கொல்லிமலைக்குக் கூட்டிப்போகிறோம். பாதிப் பேர் வாந்தி எடுப்பார்களே?
— ஆசிரியர், ஈரோடு

70 கொண்டை ஊசி வளைவு என்றால் எடுக்கத்தான் செய்வார்கள், குறைக்கலாம். கண் சீட்டின் முதுகையோ போனையோ பார்த்துக்கொண்டிருக்க, உள்காது மட்டும் வளைவை உணருகிறது. இரண்டும் ஒத்துப்போகாததால் வருவது அது. ஆகவே, வழக்கமாக எடுக்கும் பிள்ளைகள் முன் நான்கு வரிசையில், நேரே சாலையைப் பார்த்தபடி உட்காரட்டும். பின்சக்கரத்துக்கு மேலும் கடைசி வரிசையிலும் ஆட்டம் அதிகம், அங்கே பெரியவர்கள். வெறும் வயிறும் ஆகாது, பூரி-கிழங்கும் ஆகாது. மலை ஏறுவதற்கு ஒரு மணி நேரம் முன்பு இரண்டு இட்லி சரி. ஜன்னலைத் திறந்து வையுங்கள், ஆனால் தலையையோ கையையோ நீட்டக் கூடாது. மருத்துவர் எழுதிக் கொடுத்து பெற்றோர் கொடுத்தனுப்பிய மாத்திரை இருந்தால், அடிவாரத்துக்கு அரை மணி நேரம் முன்பே போட வேண்டும். எட்டாவது வளைவில் போட்டால் மாத்திரையும் சேர்ந்து வெளியே வரும்.

ஆளுக்கு இரண்டு ஓட்டையில்லாத கவர், சீட்டின் முன்பக்கம் செருகி வையுங்கள். ஒரு வாளி மரத்தூள் அல்லது மணல், பழைய துணி, ஒரு பாட்டில் கிருமிநாசினி. ஒருவன் எடுத்த நாற்றத்தில்தான் அடுத்த மூன்று பேர் எடுக்கிறார்கள். உடனே மணலைத் தூவி அள்ளினால் அத்தோடு நிற்கும். நீளமான 50 சீட் வண்டி அந்த வளைவுகளில் முன்னே பின்னே எடுத்துத்தான் திரும்பும், ஆட்டமும் கூடும். 20, 25 சீட் வேனாக எடுங்கள்.

வாந்தி நிற்காவிட்டால் ஓ.ஆர்.எஸ். ஒரு தவறு அடிக்கடி நடக்கிறது: பெரிய பாக்கெட் ஒரு லிட்டருக்கு, சின்ன பாக்கெட் 200 மில்லிக்கு. சின்னதை ஒரு லிட்டர் பாட்டிலில் போட்டால் வெறும் தண்ணீர். பெரியதை டம்ளரில் கரைத்தால் உப்பு மிஞ்சிக் கேடு. பாக்கெட்டின் பின்னால் எழுதியிருப்பதைப் படித்துக் கரையுங்கள்.

என் மகனுக்கு வீசிங் உண்டு. ஏழாம் வகுப்பு. ஆசிரியர் "எதுக்கு ரிஸ்க், விட்டுட்டுப் போறோமே" என்கிறார். அனுப்பலாமா?
— தாய், திருப்பூர்

கட்டுக்குள் இருக்கிறது என்று அவனைப் பார்க்கும் மருத்துவர் சொன்னால் அனுப்பலாம். அவரிடமே ஒரு சீட்டு எழுதி வாங்குங்கள்: எந்த இன்ஹேலர், இழுப்பு வந்தால் எத்தனை பஃப், எத்தனை நிமிடத்தில் குறையாவிட்டால் ஆஸ்பத்திரி. அந்த இன்ஹேலரில் இரண்டு வாங்கி, ஒன்று அவன் பையில், இன்னொன்று ஸ்பேசரோடு (இன்ஹேலரில் பொருத்தும் குழல்) குழு ஆசிரியர் கையில். பஸ்ஸில் விட்டுவிட்டு இறங்கக் கூடாது. கொடுத்தனுப்பும் முன் எத்தனை பஃப் மிச்சம் என்று பாருங்கள். காலி டப்பாவோடு வரும் பிள்ளைகள் உண்டு. எப்படிப் போடுவது என்று ஆசிரியருக்குப் பள்ளியிலேயே ஒரு முறை செய்து காட்டிவிடுங்கள். அவர் தயக்கம் பெரும்பாலும் அங்கேதான்.

வழியில் கல்லணை, முக்கொம்பு என்று ஆறு வருகிறது. பிள்ளைகள் "ஒரு பத்து நிமிஷம் சார்" என்று கெஞ்சுகிறார்கள். முழங்கால் அளவு தண்ணீரில் நிற்கவிடலாமா? படகு?
— உடற்கல்வி ஆசிரியர், புதுக்கோட்டை

விடக் கூடாது. காவிரியில் முழங்கால் ஆழத்துக்கு அடுத்த அடியில் மணல் எடுத்த பள்ளம் இருக்கும்; மேலிருந்து பார்த்தால் தெரியாது. மதகு திறந்தால் நீர் ஏறுவதும் கரையில் நிற்பவருக்கு உடனே தெரியாது. 2023 பிப்ரவரியில் மாயனூரில், விளையாட்டுப் போட்டிக்குப் போன பயணத்தில் ஆற்றில் இறங்கிய நான்கு மாணவிகள் இறந்தார்கள். போட்டிக்குத் திட்டம் இருந்தது, ஆற்றுக்கு இல்லை. திட்டத்தில் இல்லாத நிறுத்தத்தில் யார் எங்கே நிற்பது, யார் எண்ணுவது என்று எதுவும் முடிவாகியிருக்காது. ஆகவே அனுமதிக் கடிதத்தில் இல்லாத இடத்தில் சக்கரம் நிற்கக் கூடாது என்பதை டிரைவருக்கும் சேர்த்துச் சொல்லிவிடுங்கள். பெரும்பாலும் "பக்கத்துலதான் சார், பார்த்துட்டுப் போயிடலாம்" என்று தொடங்குபவர் அவர்தான்.

படகு என்றால், ஏறும் முன் ஒவ்வொரு பிள்ளைக்கும் அளவான லைஃப் ஜாக்கெட் மாட்டிக் கொக்கி போட்டாகிவிட்டதா, படகில் எழுதியிருக்கும் எண்ணிக்கைக்குள் இருக்கிறோமா என்ற இரண்டும் ஆமாம் என்றால் மட்டும். வதோதராவின் ஹர்னி ஏரியில் 2024 ஜனவரி 18 அன்று கவிழ்ந்த படகில் 12 மாணவர்களும் 2 ஆசிரியைகளும் இறந்தார்கள்; அளவுக்கு மேல் ஏற்றியிருந்தார்கள், எல்லோருக்கும் ஜாக்கெட் இல்லை. பெரிய ஜாக்கெட்டைச் சின்னப் பிள்ளைக்கு மாட்டினால் தண்ணீரில் அது மட்டும் மேலே மிதக்கும், பிள்ளை கீழே நழுவிவிடும்.

எண்ணி எண்ணித்தான் ஏற்றுகிறோம். ஆனாலும் ஒரு பையனை விட்டுவிட்டு 8 கிலோமீட்டர் போய்விட்டோம். எங்கே பிசகியது?
— பெயர் வேண்டாம், கடலூர் மாவட்டம்

எண்ணிக்கை சரியாக வந்திருக்கும், ஆள் மாறியிருப்பான். அடுத்த பஸ்ஸிலிருந்து நண்பனோடு பேச ஒருவன் வந்து உட்கார்ந்தால் 43 என்பது 43-ஆகவே இருக்கும். தலையை எண்ணாமல் பெயரைக் கூப்பிடுங்கள். அதைவிட வேகமானது, ஒவ்வொருவனுக்கும் ஓர் எண்: "ஒண்ணு, ரெண்டு" என்று அவர்களே வரிசையாகச் சொல்ல வேண்டும், விட்டுப்போன எண் உடனே காதில் விழும். நண்பனுக்காக எண் சொல்லும் விளையாட்டும் நடக்கும், அதனால் சொல்பவன் எழுந்து நிற்கட்டும். 43 பேருக்கு ஒரு நிமிடம்கூட ஆகாது.

எண்ணும் இடமும் முக்கியம். வண்டியில் ஏறியபின் எண்ணினால் குறைவது தெரியும், அதற்குள் டிரைவர் கியர் போட்டிருப்பார். இடத்தை விட்டு வெளியே வரும் வாசலில் ஒரு முறை, வண்டியில் ஒரு முறை. இரண்டாவது முடிந்து ஆசிரியர் கை காட்டினால்தான் சாவி திருகலாம். கழிப்பறையையும் கடைசிக் கடையையும் பார்த்துவிட்டு கடைசியாக வர ஒருவரைத் தனியாக நியமியுங்கள். அவர் முன்னால் நடக்கவே கூடாது. ஒவ்வொரு பிள்ளையின் கழுத்து அட்டையிலும் அன்று உடன் வரும் இரண்டு ஆசிரியர்களின் எண் இருக்கட்டும். பள்ளி அலுவலக எண் மட்டும் போட்டிருப்பார்கள். மாலை ஐந்துக்கு மேல் அதை எடுக்க ஆள் இருக்காது. "வழி தவறினால் தேடி அலையாதே, நிற்கிற இடத்திலேயே நில்லு" என்பதை ஏறும்போதும் சொல்லுங்கள், இறங்கும்போதும் சொல்லுங்கள்.

தலைக்கு 900 ரூபாய் ஆகிறது. 11 பிள்ளைகளால் கட்ட முடியாது. என்ன செய்வது?
— தலைமையாசிரியர், விழுப்புரம் மாவட்டம்

தொகையை அறிவித்தபின் யோசித்தால் அந்த 11 பேர் யார் என்று வகுப்புக்கே தெரிந்துவிடும். அறிவிக்கும் முன்பே மேலாண்மைக் குழு, முன்னாள் மாணவர்கள் மூலம் அந்த 9,900 ரூபாயைத் திரட்டிவிட வேண்டும். வசூல் எல்லோருக்கும் மூடிய கவரில், வகுப்பறையில் இல்லாமல் அலுவலகத்தில். அடுத்த ஆண்டுக்கு ஜூனிலிருந்தே மாதம் 100 என்று பிரித்துவிட்டால் பாதிப் பேர் தாமே கட்டிவிடுவார்கள். கைச்செலவுக்கு 100 ரூபாய்க்கு மேல் யாரும் கொண்டுவரக் கூடாது என்பதும் இதோடு சேர்ந்ததுதான். ஒருவன் 500 ரூபாய்க்குப் பொம்மை வாங்கினால் மற்றவனுக்குச் சுற்றுலா அங்கேயே முடிந்தது. அரசுப் பள்ளி என்றால் மாவட்டக் கல்வி அலுவலர் வழியாக முதன்மைக் கல்வி அலுவலரின் அனுமதி வேண்டும். கோப்பு நகரக் குறைந்தது ஒரு மாதம் வைத்துக்கொள்ளுங்கள். அனுமதி கைக்கு வருமுன் வண்டிக்கு முழுப் பணம் கொடுத்துவிடாதீர்கள்.

திரும்பி வந்ததும் "நான் சென்ற சுற்றுலா" என்று கட்டுரை எழுதச் சொல்வது வழக்கம். வேறு ஏதாவது?
— தமிழாசிரியை, தூத்துக்குடி

அந்தக் கட்டுரை "காலையில் எழுந்து குளித்து" என்று தொடங்கி "மகிழ்ச்சியாக வீடு திரும்பினோம்" என்று முடியும், நாற்பதும் ஒன்றாகவே இருக்கும். ஒரே ஒரு பொருளை மட்டும் அரைப் பக்கம் எழுதச் சொல்லுங்கள்: ஒரு தூண், ஒரு முதலை, மெஸ்காரர் சாதம் அள்ளிய கரண்டி, எதுவானாலும். தமிழ் வகுப்புக்கு அது போதும். கணக்கு ஆசிரியர் செலவுச் சீட்டைக் கரும்பலகையில் எழுதி டோல், டீசல், சாப்பாடு என்று பிரித்துப் போடட்டும். தலைக்கு 35 ரூபாய் மிஞ்சியிருந்தால் அதை அன்றே பிள்ளைகள் கையில் கொடுத்துவிடுங்கள்.